முளைக்க விடாத பல்: மலையகச் சிறுவரும் மிகைப்பற்களும்

மனிதருக்குப் பாற்பற்கள் 20, நிலைப்பற்கள் 32 என்பது பாடசாலைப் பாடநூலிலேயே வரும் கணக்கு. இக்கணக்குக்கு மேலாகத் தாடையில் உருவாகும் பல் எதுவாயினும், அது வாய்க்குள் முளைத்திருந்தாலும் எலும்புக்குள்ளேயே புதைந்து கிடந்தாலும், பல் வைத்தியத்தில் மிகைப்பல் எனப்படுகிறது. நிலைப்பற்களின் தொகுதியில் இது 100 பேரில் ஒருவர் முதல் மூவர் வரையிலானோரிடம் காணப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன; பாற்பற்களின் தொகுதியிலோ 100 பேருக்கு ஒருவர் என்ற அளவைக்கூட எட்டுவதில்லை. நிலைப்பற்களைப் பொறுத்தவரை பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளிடம் இது ஏறத்தாழ இருமடங்காகக் காணப்படுகிறது. இந்த வீதம் இலங்கையின் மலையகத்துக்கும் பொருந்துமெனக் கொண்டால், 300 பிள்ளைகள் படிக்கும் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் மூன்று பேர் முதல் ஒன்பது பேர் வரை மிகைப்பல் உடையவர்களாக இருக்க வேண்டும். ஆயினும் அப்பாடசாலையின் ஆசிரியர் கூடுதல் பல் உள்ள பிள்ளை என்று ஒருவரையேனும் சுட்டிக்காட்டுவது கடினம். ஏனெனில் மிகைப்பற்களில் பெரும்பாலானவை வாய்க்குள் தலைகாட்டுவதே இல்லை.

அவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்டவை மேல்தாடையிலேயே உருவாகின்றன. அவற்றிலும் மிகப் பல, நடுவிலுள்ள இரண்டு வெட்டும் பற்களுக்கு இடையிலோ பின்புறத்திலோ, அண்ணத்தை ஒட்டிய எலும்புக்குள் மறைந்திருக்கின்றன. ஆகவே இக்குறைபாட்டை வெளியே காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் வரவேண்டிய வயதில் வராமற்போன வேறொரு பல்தான். கண்டறிதலும் சிகிச்சையும் ஒருசேர இந்த உண்மையைச் சுற்றியே அமைகின்றன. நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களைப் பொறுத்தவரை இதற்கான வைத்தியம் நாட்டில் இல்லாத ஒன்றோ விலை கொடுத்து வாங்க முடியாத ஒன்றோ அன்று. பிள்ளை அந்த வைத்தியத்தைச் சென்றடையும்போது உரிய வயது கடந்துவிட்டிருப்பதே அங்குள்ள உண்மையான சிக்கல்.

பல்லின் தொடக்கம் பிறப்புக்கு நெடுநாள் முந்தியது. கருவின் ஆறாவது வாரமளவில், பின்னர் தாடையாக வளரவிருக்கும் பகுதியின் மேற்பரப்புத் திசு தடித்து, குதிரைலாட வடிவில் ஒரு பட்டையாக உள்ளே இறங்குகிறது. பற்படலம் எனப்படும் இப்பட்டையிலிருந்து தாடை ஒன்றுக்குப் பத்தாக 20 மொட்டுகள் எழுந்து பாற்பற்களாகின்றன. ஐந்தாம் மாதமளவில் தொடங்கி, இம்மொட்டுகளின் நாக்குப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கிளை பிரிந்து, பாற்பற்களின் இடத்துக்கு வரவேண்டிய நிலைப்பற்களின் மொட்டுகள் உருவாகின்றன. தன் வேலை முடிந்ததும் பற்படலம் சிதைந்து மறைந்துவிட வேண்டும். அவ்வாறு மறையாமல் ஓரிடத்தில் எஞ்சிய திசு மறுபடியும் செயற்படத் தொடங்கினால் அங்கே மிகைப்பல் உருவாகிறது என்பதே இன்று பெரும்பாலான அறிஞர் ஏற்கும் விளக்கம். ஒரே மொட்டு இரண்டாகப் பிளவுபடுவதுதான் காரணம் என்ற பழைய கருத்தும், அருகிலுள்ள பல்லை அச்சொட்டாக ஒத்திருக்கும் சில மிகைப்பற்களின் விடயத்தில், இன்னும் கைவிடப்படவில்லை. குடும்ப வழியும் இதில் தெளிவாகத் தெரிகிறது: பெற்றோரிடமோ உடன்பிறந்தாரிடமோ மிகைப்பல் இருந்த பிள்ளையிடம் அது காணப்படும் வாய்ப்பு ஏனையோரைவிட அதிகம்.

பல்லின் எண்ணிக்கையை உடல் எவ்வாறு கட்டுப்படுத்துகிறது என்பதைப் புரிந்துகொள்ள உதவியது ஓர் எலி. யூசாக்-1 என்னும் புரதம் பல் வளர்ச்சியைத் தூண்டும் வேதிச் சைகைகளை அடக்கி வைக்கிறது. அப்புரதத்தை உருவாக்கும் மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு மிகைப்பற்கள் முளைத்தன. அதாவது கூடுதல் பல்லை முளைக்கச் செய்யும் ஆற்றல் தாடையில் முன்பே இருக்கிறது, அதைத் தடுத்து நிறுத்தும் கட்டளையே குறிப்பிட்ட எண்ணிக்கையைக் காக்கிறது என்ற எண்ணத்துக்கு இது வலுச் சேர்த்தது. ஜப்பானியரான கட்சு தகஹாஷியும் அவரது குழுவினரும் அப்புரதத்தைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்புப் பொருளொன்றை விலங்குகளில் சோதித்து 2021இல் முடிவுகளை வெளியிட்டனர். பிறவியிலேயே பல் இல்லாதோருக்குப் பல் முளைக்கச் செய்யும் நோக்கில், அம்மருந்தின் பாதுகாப்பை மனிதரிடம் அறியும் முதற்கட்டச் சோதனை 2024இல் கியோட்டோ பல்கலைக்கழக வைத்தியசாலையில் தொடங்கியது. மிகைப்பல்லை முளையிலேயே அடக்கும் மருந்து எதுவும் இதுவரை இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

மிகைப்பல் உடைய பிள்ளைகளில் பெரும்பாலானோர் வேறெந்தக் குறையும் இல்லாதவர்கள். அவர்களுள்ளும் நான்கில் மூவருக்கு மேற்பட்டோரிடம் ஒரேயொரு மிகைப்பல்தான் இருக்கும். பல மிகைப்பற்கள் ஒருங்கே காணப்படும்போதுதான் வைத்தியர் உடலின் மற்றப் பகுதிகளையும் ஆராய வேண்டியவராகிறார். காறையெலும்பு வளர்ச்சிக் குறைபாடு என்னும் அரிய மரபு நோயில், ரன்எக்ஸ்-2 என்ற மரபணுவின் மாற்றத்தால் கழுத்துக்குக் கீழுள்ள காறையெலும்புகள் குறைந்தோ இல்லாமலோ போக, அப்பிள்ளை தன் இரு தோள்களையும் மார்புக்கு முன்னே ஒன்றையொன்று நெருங்கும்படி கொண்டுவர முடிகிறது. தாடைக்குள்ளே பல மிகைப்பற்கள் நெருங்கிக் கிடக்க, பாற்பற்கள் வாலிப வயதிலும் விழாமல் நிற்கின்றன. பெருங்குடலில் எண்ணற்ற திசு முளைகளை உண்டாக்கி, பின்னாளில் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் கார்ட்னர் நோய்த்தொகுதியிலும் மிகைப்பற்கள் ஓர் அடையாளம். உதட்டுப் பிளவோடும் அண்ணப் பிளவோடும் பிறந்த பிள்ளைகளிடம், பிளவின் ஓரமாக மிகைப்பல் இருப்பது அடிக்கடி காணப்படுவது.

வடிவத்தை வைத்து மிகைப்பற்களை வகைப்படுத்துவது வெறும் பெயர்சூட்டல் அன்று. பல் செய்யப்போகும் தொல்லையை வடிவமே பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. மிகுதியாகக் காணப்படுவது கூம்பு வடிவப் பல். சிறிதாக, நுனி கூர்ந்து, பக்கத்துப் பற்களோடு ஒத்த வேகத்தில் வேர் வளர்ந்து, இரண்டு நடு வெட்டும் பற்களுக்கிடையே அமைவது இதன் இயல்பு. இது சில வேளைகளில் தானாகவே முளைத்து வெளியே வந்துவிடும். வராவிட்டால் நடுப்பற்களை விலக்கி இடைவெளி உண்டாக்கும் அல்லது அவற்றைத் திருப்பிவிடும். அரிதாகத் தலைகீழாகப் படுத்து, நுனியை மூக்கின் தளத்தை நோக்கி வைத்திருப்பதும் உண்டு. இதைவிடத் தொல்லை மிகுந்தது புடைப்புகளுடைய பீப்பாய் வடிவப் பல். இது தாமதமாக உருவாவது, வேர் நிறைவுபெறாதது, பெரும்பாலும் இரட்டையாகத் தோன்றி நடு வெட்டும் பற்களின் பின்புறத்தில் அமர்வது. தானும் முளைக்காமல், முன்னே நிற்கும் பல்லையும் முளைக்க விடாமல் மறித்துக்கொள்வது. மூன்றாவது வகை, வரிசையிலுள்ள பல்லையே அச்சொட்டாக ஒத்திருப்பது. மேல் ஓர வெட்டும் பல்லுக்கு அருகில் அதைப் போலவே இன்னொன்று நிற்கும்போது இரண்டில் எது வரிசைக்குரியது என்று தேர்ந்த வைத்தியரும் சற்றுத் தயங்குவார்.

நான்காவதாகச் சிலர் சேர்ப்பது பல்திசுக் கட்டியை. இது எனாமலும் பல்லின் பிற திசுக்களும் ஒழுங்கின்றித் திரண்ட, புற்றுநோய் அல்லாத கட்டி. சில கட்டிகளில் அத்திசுக்கள் சின்னஞ்சிறு பற்களாகவே அடுக்கப்பட்டிருக்கும். 2019 ஜூலையில் சென்னையின் சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் 7 வயதுச் சிறுவன் ஒருவனின் வலது கீழ்த்தாடையிலிருந்து எடுக்கப்பட்ட பை போன்ற கட்டிக்குள் 526 பற்கள் இருந்தது உலகெங்கும் செய்தியாயிற்று. அப்பையைப் பிரித்து எண்ணி முடிப்பதற்கே சில மணி நேரமாயிற்று. எடுக்கப்பட்டவற்றில் மிகச் சிறியவையும் தலையும் வேரும் எனாமல் பூச்சும் கொண்டு பல்லின் அமைப்பைக் காட்டின. எண்ணிக்கையால் எல்லோரையும் வியக்க வைத்த இச்செய்தியில் வைத்திய நோக்கில் கவனிக்கத்தக்கது வேறொன்று: தாடையின் வீக்கத்தைப் பெற்றோர் அவனுடைய மூன்றாம் வயதிலேயே கண்டிருந்தனர், ஆனால் பரிசோதனைக்கு ஒத்துழைக்கும் வயது பிள்ளைக்கு வரவில்லை. பெருநகரத்திலேயே இடையில் நான்கு ஆண்டுகள் கழிந்துவிட்டன.

பாற்பற்களின் காலத்தில் மிகைப்பல்லைக் கண்டறிய வைத்தியர்கூடத் தேவையில்லை, எண்ணத் தெரிந்தால் போதும். தாய் கொழுந்தெடுக்க மலைக்குப் போனபின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில், மூன்று வயதுப் பிள்ளை வாய்விட்டுச் சிரிக்கும்போது மேலே நான்கும் கீழே நான்குமாக வெட்டும் பற்கள் தெரிய வேண்டும். ஐந்தாவதாக ஒன்று ஒழுங்காக வரிசையில் நின்றால், அதைப் பெரும்பாலும் எவரும் கவனிப்பதில்லை. பார்வைக்குக் கேடில்லை, பிள்ளைக்கு வலியும் இல்லை. ஆனால் பாற்பல் தொகுதியில் மிகைப்பல் இருந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையிலானோருக்கு நிலைப்பல் தொகுதியிலும் மிகைப்பல் வருவதாக அறியப்பட்டுள்ளது. மடுவத்தில் எண்ணிப் பார்த்த அந்த ஒரு நிமிடம், நான்கு ஆண்டுகளுக்குப் பின் நேரவிருக்கும் தடையை முன்னறிவிக்கக் கூடியது.

பிறக்கும்போதே பல்லோடு பிறக்கும் குழந்தை தனிக் கதை. 2000 முதல் 3000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் நிகழும் இதைக் கெட்ட சகுனமாகக் கொள்வதும், மேற்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று அஞ்சுவதும் தமிழ்க் குடும்பங்களில் நீண்டகாலமாக உள்ளவை. உண்மையில் இப்பற்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்டவை, உரிய காலத்துக்கு முன்னரே முளைத்துவிட்ட சாதாரணப் பாற்பற்களே, மிகைப்பற்கள் அல்ல. கழன்று மூச்சுக்குழாய்க்குள் போகுமளவுக்கு ஆடினாலொழிய, அல்லது பாலூட்டுவதற்குப் பெரும் இடையூறானாலொழிய, அவற்றைப் பிடுங்கத் தேவையில்லை; மாமனின் ஆயுளுக்கும் அவற்றுக்கும் தொடர்பு இல்லை.

நிலைப்பற்களின் காலத்தில் கணக்கு எண்ணிக்கையிலிருந்து காலத்துக்கு மாறுகிறது. மேல் நடு வெட்டும் பற்கள் இரண்டும் 7 முதல் 8 வயதுக்குள், சில மாத இடைவெளியில் முளைக்க வேண்டும். அவற்றின் இருபுறத்து ஓர வெட்டும் பற்கள் 8 முதல் 9 வயதில் வர வேண்டும். ஒரு பக்கத்து நடுப்பல் வந்து ஆறு மாதமாகியும் மறுபக்கத்துப் பல் வராதிருத்தல், கீழ் வெட்டும் பற்கள் முளைத்து ஓராண்டு கடந்தும் மேலே இரண்டும் வராதிருத்தல், நடுப்பல் வருமுன் ஓரப்பல் முந்திக்கொண்டு வருதல், ஒரு பக்கத்துப் பாற்பல் ஆடாமல் அசையாமல் நிற்றல் ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்று கண்ணில் பட்டாலும், எலும்புக்குள் ஏதோ மறிக்கிறது என்று ஐயுற இடமுண்டு. மறுபுறம், ஏழெட்டு வயதில் நடுப்பற்களுக்கிடையே தெரியும் சிறிய இடைவெளி எல்லாமே மிகைப்பல்லின் அடையாளம் ஆகாது. வேட்டைப்பற்கள் 11, 12 வயதில் இறங்கும்போது இயல்பாகவே மூடிக்கொள்ளும் இடைவெளி பெரும்பாலான பிள்ளைகளிடம் உண்டு. இடைவெளி வழக்கத்தைவிட அகலமாக இருந்தாலோ, பற்கள் திரும்பியிருந்தாலோதான் அது ஆராயத்தக்கதாகிறது.

தோட்டச் சூழலில் இந்த அடையாளங்களைக் குழப்பும் காரணங்கள் இரண்டு உண்டு. முதலாவது பற்சொத்தை. பாலும் போதிய உணவும் குறைந்த இடத்தில் சீனி கலந்த தேத்தண்ணியே குழந்தையின் வயிற்றை நிரப்புவதாகிவிட, மேல் முன் பாற்பற்கள் மூன்று நான்கு வயதிலேயே கறுத்துக் கரைந்துபோகின்றன. அவ்வாறு மிக முன்னதாகப் பாற்பல்லை இழந்த இடத்தில் ஈறு தடித்து இறுகிவிடுவதால், எந்த மிகைப்பல்லும் இல்லாமலேயே நிலைப்பல் முளைக்கத் தாமதமாகலாம். இரண்டாவது விழுகை. தோட்டக் குடியிருப்பான லயத்துக்கு ஏறும் செங்குத்தான கற்படிகளிலும் மழையில் வழுக்கும் மலைப்பாதையிலும் முகம் குப்புற விழுந்து பாற்பல் உள்ளே ஏறிக்கொண்ட பிள்ளையின் நிலைப்பல் மொட்டு, அந்த அடியால் வளைந்து உருமாறி வெளிவர முடியாமற்போகலாம். ஆகவே பல் ஏன் வரவில்லை என்று கேட்கும் வைத்தியர், நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் பிள்ளை விழுந்ததுண்டா என்றும் கேட்பார். பிள்ளையை அழைத்து வருவது அப்பாயியாகவோ அக்காவாகவோ இருந்தால் அதற்கு விடை கிடைப்பதில்லை.

விழுந்த பல்லைக் கூரைமேல் எறியும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்லலாம். லயத்தின் தகரக் கூரையில் பல் விழும் சத்தம் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி தருவது. அதை நிறுத்தச் சொல்வதற்கில்லை. ஆனால் ஆணி போல் கூர்ந்த, வழக்கத்துக்கு மாறான வடிவமுடைய பல் எதுவும் விழுந்தால், அதை ஒரு தாளில் மடித்து வைத்து வைத்தியரிடம் காட்டுவது நல்லது. முளைத்து விழுந்தது பாற்பல்லா கூம்பு வடிவ மிகைப்பல்லா என்பது, அதே இடத்தில் உள்ளே இன்னொன்று இருக்குமா என்ற கேள்விக்கு உதவும் சான்று.

இலங்கையின் பாடசாலைச் சுகாதார முறை இப்பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரு பெரும் வாய்ப்பு. சுகாதார வைத்திய அதிகாரியின் பொறுப்பில் நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 ஆகிய வகுப்புகளை மையமாகக் கொண்டது. மாணவர் தொகை 200க்குக் குறைந்த சிறிய பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும் என்பது விதி. இதற்குப் பக்கபலமாகப் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் சேவை இருக்கிறது. 1921இல் நியூசிலாந்து தொடங்கிய பாடசாலைப் பல் தாதியர் முறையைப் பின்பற்றி, கொழும்புத் திட்டத்தின் உதவியோடு 1950களில் மகரகமவில் பயிற்சி தொடங்கப்பட்டு உருவான இச்சேவை, 3 முதல் 13 வயது வரையிலான பிள்ளைகளுக்குரியது. முறை நல்லதே; ஆனால் பெரிய பாடசாலைகளில் பரிசோதனைக்குரிய வகுப்புகளின் இடைவெளி, துரதிர்ஷ்டவசமாக, மேல் நடுப்பற்கள் முளைக்கும் காலத்தை அப்படியே விழுங்கிவிடுகிறது. தரம் 1இல் பார்க்கும்போது பாற்பல் உறுதியாக நிற்கும், குறை எதுவும் தெரியாது. தரம் 4இல் பார்க்கும்போது பல் வராமல் ஓராண்டோ அதற்கு மேலோ கடந்திருக்கும். அதன்பின் துண்டு எழுதி, நாள் குறித்து, எக்ஸ்ரே எடுத்து முடிப்பதற்குள் பிள்ளைக்குப் பத்து வயதாகிவிடும். தரம் 2, 3 வகுப்பாசிரியர்கள் ஆண்டுக்கு இருமுறை பிள்ளைகளின் மேலுதட்டை உயர்த்திப் பார்த்து, சந்தேகமானவர்களின் பெயரைப் பற்சிகிச்சையாளரிடம் கொடுத்தால் இந்த ஓட்டை அடைபட்டுவிடும். இதற்குச் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஐயத்தை உறுதிசெய்வது எக்ஸ்ரே ஒன்றே. ரொண்ட்கன் 1895 நவம்பரில் இக்கதிரைக் கண்டுபிடித்து இரண்டரை மாதம் ஆவதற்குள், 1896 ஜனவரியில், ஜெர்மானியப் பல் வைத்தியர் ஒட்டோ வால்க்ஹொஃப் தம் வாய்க்குள்ளேயே தகடு வைத்து முதற் பற்படத்தை எடுத்தார். அதற்கு அவர் 25 நிமிடம் அசையாமல் இருக்க நேர்ந்தது. இன்று அதே படம் ஒரு நொடிக்குள் எடுக்கப்படுகிறது. வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறு படமொன்றால் பிள்ளைமீது படும் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நாம் ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஒரே நாளில் இயற்கையாகப் பெறும் அளவை ஒத்தது. எத்தனை மிகைப்பற்கள், என்ன வடிவம், எப்பக்கம் நோக்கியவை, மறிக்கப்பட்ட பல்லின் வேர் எவ்வளவு வளர்ந்துள்ளது என்பவற்றை அப்படம் காட்டும்.

அது காட்டாதது ஆழம். தட்டையான படத்தில் மிகைப்பல் வெட்டும் பல்லின் முன்னே, உதட்டுப் பக்கத்தில் இருக்கிறதா, பின்னே அண்ணப் பக்கத்தில் இருக்கிறதா என்பது தெரியாது. தெரியாமல் கத்தி வைத்தால் தவறான பக்கத்தில் எலும்பைத் திறக்க நேரும். இதற்கு லண்டனைச் சேர்ந்த கிளார்க் 1910இல் வெளியிட்ட முறை இன்றும் கைகொடுக்கிறது. எக்ஸ்ரே குழாயைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தி இரண்டாவது படமொன்று எடுக்கப்படுகிறது. ஹட்டனிலிருந்து நானுஓயா நோக்கிச் செல்லும் ரயிலின் யன்னலோரத்தில் இருப்பவருக்கு, அருகிலுள்ள தேயிலைச் செடிகள் பின்னோக்கி ஓடுவதாகவும், தூரத்து மலை தன்னோடு கூடவே வருவதாகவும் தோன்றும் அல்லவா? இரண்டு படங்களையும் ஒப்பிடும்போது நிகழ்வதும் அதுவே: குழாய் நகர்ந்த அதே திசையில் மிகைப்பல் நகர்ந்திருந்தால் அது தொலைவில், அதாவது அண்ணப் பக்கத்தில் இருக்கிறது, எதிர்த்திசையில் நகர்ந்திருந்தால் உதட்டுப் பக்கத்தில் இருக்கிறது. பல கோணங்களில் படமெடுத்து முப்பரிமாண உருவம் தரும் கூம்புக்கதிர் ஸ்கேன் இந்த ஊகத்துக்கே இடமின்றிச் செய்துவிடும் என்றாலும், அதன் கதிர்வீச்சு சிறு படத்தைவிடப் பல மடங்கு என்பதால், வேர் அரிப்பு, தலைகீழாக மேலேறிய பல் போன்ற சிக்கலான நிலைகளுக்கே அது பயன்பட வேண்டும். வசதி இருக்கிறது என்பதற்காக எல்லாப் பிள்ளைகளுக்கும் ஸ்கேன் எழுதிக்கொடுப்பது சரியான வைத்தியம் ஆகாது.

மிகைப்பல் இருப்பதாகத் தெரிந்ததும் அதை எடுத்தே தீரவேண்டும் என்பதில்லை. எந்தப் பல்லையும் மறிக்காமல், வேர்களிலிருந்து விலகி, எலும்பின் உயரத்தில் அமைதியாகக் கிடக்கும் பல்லை அப்படியே விட்டுவிட்டு, குறித்த இடைவெளிகளில் படம் எடுத்துப் பார்த்துவந்தால் போதும். அதைச் சுற்றி நீர்க்கட்டி உருவாகிறதா, பக்கத்து வேரை அரிக்கிறதா என்பதே கண்காணிப்பின் நோக்கம். வெளியே முளைத்துவிட்ட கூம்புப் பல்லைச் சாதாரணமாக விறைப்பூசி போட்டுப் பிடுங்கிவிடலாம். எலும்புக்குள் இருந்து மறிக்கும் பல்லே சத்திரசிகிச்சைக்குரியது. அதை எந்த வயதில் எடுப்பது என்பதில்தான் நிபுணரிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. ஆறேழு வயதிலேயே எடுத்துவிட்டால் வெட்டும் பல் தன் இயல்பான உந்துவிசையால் தானே இறங்கிவிடும், இடமும் மூடாது. ஆனால் வளர்ந்துகொண்டிருக்கும் மென்மையான வேருக்குக் காயம் நேரலாம், பயந்த பிள்ளைக்கு முழு மயக்கமும் தேவைப்படலாம். வேர் நிறைவடையும் பத்து வயதளவு வரை பொறுத்தால் அந்த ஆபத்து குறையும். ஆனால் அதற்குள் பக்கத்துப் பற்கள் சரிந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், முகத்தின் நடுக்கோடு விலகும், உள்ளிருக்கும் பல்லின் உந்துவிசையும் தணிந்துவிடும். தெளிவாக மறிக்கும் பீப்பாய் வடிவப் பல் என்றால் தாமதியாமல் எடுப்பதே நலம் என்ற பக்கமே வலுவானது. தாமதத்தின் விலையைப் பிள்ளை பின்னர் பல ஆண்டுகள் கம்பி கட்டிச் செலுத்த நேர்கிறது. மலையகத்தில் இவ்விவாதம் பெரும்பாலும் தானாகவே முடிந்துபோகிறது: பிள்ளை வந்து சேரும்போதே பத்து வயது கடந்திருப்பதால் தேர்வு செய்ய எதுவும் மிஞ்சுவதில்லை.

இந்தத் தாமதத்துக்குக் காரணம் தூரமும் நாட்கூலியும். தோட்ட டிஸ்பென்சரியில் எக்ஸ்ரே இல்லை. ஹட்டன் பகுதியினர் முதலில் செல்வது டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கு. இந்திய உதவியோடு 150 கட்டில்களுடன் கட்டப்பட்ட இதன் புதிய கட்டடத்தை 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் திறந்து வைத்தார். நுவரெலியாப் பகுதியினருக்கு மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. பல்சீராக்கல் நிபுணரும் தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரும் ஒருங்கே பார்க்க வேண்டிய பிள்ளை என்றால், நாட்டின் பல்வைத்தியக் கல்வி 1943இல் கொழும்பில் தொடங்கி 1950களில் இடம்மாறி நிலைகொண்ட பேராதனைக்குப் போக வேண்டும். பொகவந்தலாவையின் ஒரு மேற்பிரிவிலிருந்து புறப்படும் தாய், விடியுமுன் மலையிறங்கி ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக இன்னொரு பஸ் என்று பேராதனை சேர்கிறார். அன்றைய பேர் போய்விடுகிறது, அதாவது நாட்கூலி கிடைப்பதில்லை. மிகைப்பல் சிகிச்சை ஒரே நாளில் முடியாது. பார்வைக்கு ஒரு நாள், படத்துக்கு ஒரு நாள், சத்திரசிகிச்சை, தையல், பின்னர் மாதக்கணக்கில் பரிசோதனை. வலியில்லாத ஒரு குறைக்காக அத்தனை பேரை இழக்க ஒரு குடும்பம் தயங்குவதை அறியாமை என்று சொல்வது நியாயமன்று. எக்ஸ்ரேயையும் முதற்பார்வையையும் ஒரே நாளில் முடித்து அனுப்புவதும், திரும்ப வரவேண்டிய நாளையும் காரணத்தையும் தமிழில் எழுதிக் கொடுப்பதும் செலவில்லாத சீர்திருத்தங்கள்.

சத்திரசிகிச்சை கேட்பதற்கு அச்சம் தருவதேயன்றி, தேர்ந்த கையில் சிறியதுதான். மேல் முன்பற்களின் பின்புறத்தில், அவற்றின் கழுத்தோரமாக ஈற்றைக் கீறி, அண்ணத்தின் சதையை ஒரு மடிப்பாக எலும்பிலிருந்து உயர்த்துகிறார்கள். வெளியே தெரியும் மெல்லிய எலும்பைச் சுழலும் கருவியால், உப்புநீரை விடாது பாய்ச்சிச் சூடேறாமல் காத்து, சிறிது சிறிதாக நீக்கும்போது மிகைப்பல்லின் எனாமல் வெண்மையாகத் தெரிகிறது. எலும்பைவிட அது மினுங்குவதாலேயே அடையாளம் காணப்படுகிறது. பல்லையும் அதைச் சூழ்ந்த உறையையும் எடுத்தபின், மடிப்பை மீண்டும் படியவைத்துப் பற்களுக்கிடையே தையல் போடப்படுகிறது. நடுப்பற்களுக்குப் பின்னே அண்ணத்தில் சில வாரங்களுக்கு உணர்வு மந்தமாக இருக்கலாம், அது திரும்பிவிடும். முதல் நாளில் ஆறிய கஞ்சி, மறுநாளிலிருந்து இளஞ்சூட்டில் உப்புநீர்க் கொப்பளிப்பு, ஒரு வாரம் வரை கடின உணவைத் தவிர்த்தல் என்பவையே வீட்டில் செய்யவேண்டியவை.

தடை நீங்கியதும் பல் அடுத்த வாரமே வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது ஏமாற்றத்தில் முடியும். போதிய இடம் இருந்து, பல் மிக உயரத்தில் இல்லாமலும் இருந்தால், மறிக்கப்பட்ட வெட்டும் பற்களில் பெரும்பாலானவை தாமாகவே இறங்குகின்றன. ஆனால் அதற்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகலாம். இடம் குறைந்திருந்தால் கம்பி கட்டி முதலில் இடம் ஏற்படுத்த வேண்டும். அப்படியும் வராத பல்லின் மேற்பரப்பைத் திறந்து, அதன்மீது ஒரு சிறு பிடிப்பையும் மெல்லிய சங்கிலியையும் ஒட்டி, மெதுவான விசையால் கீழே இழுத்து வரிசையில் சேர்ப்பார்கள். தையல் ஆறியதும் குணமாகிவிட்டதென்று கருதிப் பிள்ளையைத் திரும்பக் காட்டாமல் விட்டால் சிகிச்சையின் இப்பகுதி முழுவதும் நடைபெறாமலே போகும். பல் வாய்க்குள் முழுமையாக வந்து நிற்கும்வரை கிளினிக் கொப்பியை மூடக்கூடாது.

அரசாங்க வைத்தியசாலையில் இப்பரிசோதனைக்கும் சத்திரசிகிச்சைக்கும் கட்டணமில்லை. மிகைப்பல் குடும்ப வழியில் தொடர்வது என்பதால், சிகிச்சை பெற்ற பிள்ளைக்குத் தம்பியோ தங்கையோ இருந்தால், ஏழு வயது நிறைந்ததும் அவர்களையும் ஒருமுறை பல் வைத்தியரிடம் காட்டிவிட வேண்டும்.